திருச்சியிலிருந்து எட்மண்டனுக்குப் பதினாறு மணி நேரம்

தப்பான பதில் சொல்லிவிட்டு மரியாதையோடு வாழ்கிறவர்கள் நம் நாட்டில் ஏராளம். நாளைக்கு மழை வரும் என்று டிவியில் சொல்கிறவர், வராமல் போனாலும் மறுநாள் அதே கோட்டை மாட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். யாரும் ஒன்றும் கேட்பதில்லை. சரியான பதில் சொல்லிக் கெட்டுப்போனவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான்.

திருச்சி விமான நிலையத்துக்கும் கனடாவில் இருக்கிற எட்மண்டன் விமான நிலையத்துக்கும் இடையே உள்ள தூரம் பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். விமானத்தில் போனால் பதினாறு மணி நேரம். அன்றைக்கும் இதைத்தான் சொன்னேன், இன்றைக்கும் இதைத்தான் சொல்வேன். (பக்கத்தில் என் மனைவி ஸ்டெல்லா இல்லாவிட்டால் இன்னும் சத்தமாகச் சொல்வேன்.) இந்த ஓர் உண்மையைச் சொன்ன பாவத்துக்கு என் தலைமுடி போனது, மாமனார் வீட்டில் இருந்த கொஞ்சநஞ்ச மரியாதை போனது, ஒரு தேவாலயத்துப் பங்குச் சனமே எனக்காக முழங்காலில் நின்றது. நடந்ததைச் சொல்கிறேன். நியாயத்தை நீங்களே சொல்லுங்கள்.

என் மாமனாருக்கு இரண்டு பெண்கள், ஆகவே இரண்டு மாப்பிள்ளைகள். மூத்த மகள் லூர்துவைக் கட்டிய அருள், எட்மண்டனில் இன்ஜினியர். இளையவள் ஸ்டெல்லாவைக் கட்டிய நான், மன்னார்குடியில் உரக்கடை வைத்திருக்கிறேன். மாமனார் வீடு பூதலூர்ப் பக்கம். அருள் மூன்று வருஷத்துக்கு ஒரு தடவை வருவார். வந்தால் நாட்டுக்கோழி கூவுவதற்கு முன்பே குழம்பாகிவிடும். நான் மாதத்துக்கு இரண்டு தடவை போவேன். "வாங்க மாப்ள, வர்ற வழியில மோட்டாருக்கு காயில் கட்டக் குடுத்தோமே, ஆயிருச்சான்னு கேட்டீங்களா?" என்பதுதான் எனக்கு வரவேற்பு.

அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். வீட்டில் எந்த முடிவு எடுப்பதாக இருந்தாலும் கனடாவில் பொழுது விடிகிற வரைக்கும் காத்திருப்பார்கள். போர்வெல் எங்கே போடுவது, கொல்லைக் கதவுக்கு என்ன பெயிண்ட் அடிப்பது, எல்லாவற்றுக்கும் பெரிய மாப்பிள்ளைக்கு ஒரு போன். நான் எதிரில்தான் உட்கார்ந்திருப்பேன். ஒரு தடவை நாற்றுக்கு யூரியா எவ்வளவு போடுவது என்று மாமா கனடாவுக்குப் போன் போட்டுக் கேட்டார். (ஐயா, நான் உரக்கடைக்காரன்.) ஆகவே என் ஆசை ரொம்பச் சின்னது. ஒரே ஒரு தடவை, ஏதாவது ஒரு விஷயத்தை மாமா என்னிடம் கேட்க வேண்டும், நான் சொல்ல வேண்டும், அது நடக்க வேண்டும். ஸ்டெல்லா இதைக் கேட்டால் சிரிப்பாள். அவள் அந்த வீட்டு மகள், அவளுக்கு அந்த வலி தெரியாது.

லூர்து முழுகாமல் இருந்தார். முதல் பிரசவம். தாய் வீட்டுக்கு அழைத்து வருவதுதான் வழக்கம், ஆனால் அங்கே டாக்டர் பயணம் கூடாது என்றுவிட்டார். எனவே தாய் வீடே புறப்பட்டுப் போவது என்று முடிவாயிற்று. தாய் வீடு என்றால் என் மாமியார் ஜெபமாலை அத்தை. வேளாங்கண்ணியும் சென்னையும் தவிர வேறு ஊர் பார்த்திராதவர். தனியாக விமானம் ஏற மாட்டேன் என்று உறுதியாகச் சொல்லிவிட்டார். மாமா கூடப் போக முடியாது. சம்பா அறுத்த நெல் கொள்முதல் நிலையத்து வாசலில் குவிந்து கிடந்தது. எடை போட்டு உள்ளே போகிற வரைக்கும் அதற்குக் காவல் வேண்டும், பனிக்கு மூட வேண்டும். அதனால் துணைக்குச் சின்ன மாப்பிள்ளை. விசாவுக்கும் டிக்கெட்டுக்கும் அருளே ஏற்பாடு செய்தார். எனக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். இதை நான் யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை.

இதில் ஒரு சிக்கல். அது தபசு காலம். விபூதிப் புதன் முடிந்து இரண்டாவது வாரம். மற்றவர்கள் வெள்ளிக்கிழமை மட்டும் கவிச்சி தள்ளுவார்கள் என்றால், அத்தை ஈஸ்டர் வரைக்கும் நாற்பது நாளும் சுத்தபோசனம். கறி, மீன், முட்டை நாக்கில் படக் கூடாது. அவை வெந்த பாத்திரத்தில் வெந்த எதுவும் கூடாது. "ஏரோப்ளேன்ல என்னத்த எதுல போட்டு வேக வைக்கிறானோ, யார் கண்டா? பச்சத்தண்ணியத் தவிர நான் ஒண்ணும் தொட மாட்டேன்" என்றார். ஆகவே கட்டுச்சோறு.

எங்கள் பக்கத்தில் கட்டுச்சோறு என்பது விளையாட்டுக் காரியம் இல்லை. எதைக் கட்டுவது என்பதைத் தீர்மானிப்பது நாக்கு அல்ல, நேரம். மத்தியானத்துக்குள் சாப்பிடுவதாக இருந்தால் எலுமிச்சைச் சாதம். ஒரு பகல், ஒரு ராத்திரி என்றால் தயிர்சாதம். இரண்டு நாள் ஓட வேண்டுமானால் நல்லெண்ணெய் மிதக்கிற புளிச்சோறு. அதிலும் தயிர்சாதத்துக்குத் தனிக் கணக்கு. எத்தனை மணி நேரம் கழித்துத் திறப்போம் என்பதைப் பார்த்துப் பாலையும் தயிரையும் அளக்க வேண்டும். சீக்கிரம் சாப்பிடுவதற்குத் தயிர் கூட, லேட்டாகச் சாப்பிடுவதற்குப் பால் கூட. சரியான நேரத்தில் திறந்தால் அமிர்தம். நேரம் தப்பினால் அது வேறு பொருள்.

எனவே அத்தை கேட்ட முதல் கேள்வி: "அது எத்தன மணி நேரப் பயணம்? அத மட்டும் சொல்லுங்க, மத்தத நான் பாத்துக்கிறேன்."

மாமாவின் கை வழக்கம்போல் போனுக்குப் போயிற்று. மணி பார்த்தார். கனடாவில் நடுச்சாமம். போனைக் கீழே வைத்தார். பிறகு, திருமணமாகி நான்கு வருஷத்தில் முதல் முறையாக, என் பக்கம் திரும்பினார்.

"மாப்ள, உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். உலகத்தில் எத்தனையோ நல்லவர்கள் தெரியாது என்று சொல்லிவிட்டு நிம்மதியாக இருக்கிறார்கள். நான் போனை எடுத்து, இரண்டு விமான நிலையங்களின் பெயரையும் தட்டினேன். இதற்கென்றே ஓர் இணையப் பக்கம் இருந்தது. உலகப் படத்தின் மேல் திருச்சியிலிருந்து ஒரு நீலக் கோடு கிளம்பி, வட துருவத்து உச்சந்தலையை உரசிக்கொண்டு எட்மண்டனில் போய் இறங்கியது. கீழே கொட்டை எழுத்தில்: பன்னிரண்டாயிரத்து எண்ணூறு கிலோமீட்டர். பயண நேரம் பதினாறு மணி.

நான் ஒன்றும் கண்டதை நம்புகிறவன் இல்லை. டிக்கெட்டை எடுத்துச் சரிபார்த்தேன். திருச்சியில் புறப்பாடு புதன்கிழமை காலை ஐந்தரை. எட்மண்டனில் இறங்குவது அதே புதன்கிழமை இரவு ஒன்பதரை. கழித்துப் பார்த்தால் பதினாறு. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சாட்சிகள், ஒரே வாக்குமூலம். எந்தக் கோர்ட்டாவது இதைத் தள்ளுபடி செய்யுமா?

அந்த இணையப் பக்கம் சொன்னது, ஒரு விமானம் எங்கேயும் நிற்காமல் வட துருவத்தின் மேல் நேராகப் பறந்தால் ஆகிற நேரம். அப்படி ஒரு விமானமே கிடையாது. எங்களுடையது வளைகுடாவில் ஒரு தடவை மாறி, டொரண்டோவில் ஒரு தடவை மாறிப் போவது. டிக்கெட்டில் போட்டிருந்ததோ அந்தந்த ஊர்க் கடிகாரம். இரண்டு கடிகாரத்துக்கும் நடுவே பன்னிரண்டரை மணி நேரம் ஒளிந்துகொண்டிருந்தது. இதெல்லாம் எனக்கு இப்போது தெரியும். எனக்கு ஆத்திரம் எல்லாம் அந்தப் பக்கத்தின் மேல்தான். தூரத்தைச் சொல்கிறவன், வழி உண்டா இல்லையா என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டாமா? எங்கள் ஊரில் வாய்க்காலுக்கு அந்தண்டை இருக்கிற வீட்டை விசாரித்தால்கூட, "கூப்புடு தூரந்தான், ஆனா மதகு சுத்திக்கிட்டுப் போவணும்" என்பார்கள். படிக்காத மனிதர்களுக்கு இருக்கிற பொறுப்பு அவ்வளவு பெரிய கம்ப்யூட்டருக்கு இல்லை.

"பதினாறு மணி நேரம் மாமா" என்றேன். மாமா போனை வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, நீலக் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். "அடேங்கப்பா, கம்ப்யூட்டரே சொல்லுது" என்றார். அந்தக் குரலில் இருந்த மரியாதை கம்ப்யூட்டருக்கா எனக்கா என்று பிரித்துப் பார்க்க நான் விரும்பவில்லை.

மறுநாள் அருளே கூப்பிட்டார். ஸ்பீக்கரில் போட்டோம்.

"தம்பி, அத்தைக்குச் சாப்பாடு நெறைய எடுத்துக்குங்க. எப்படியும் முப்பது மணி நேரத்துக்குக் கிட்ட ஆவும்."

"நான் பாத்துட்டேண்ணே. பதினாறுதான்."

"இல்ல தம்பி, நடுவுல ரெண்டு எடத்துல எறங்கி ஏறணும்ல."

"எல்லாம் சேத்துத்தாண்ணே பதினாறு."

"சரி தம்பி, பாத்துக்குங்க" என்றார் அருள். மாமா எதிரில் இருக்கும்போது சண்டை போட அவர் விரும்பவில்லை. (கனடாக்காரனுக்கு எல்லாமே இரண்டு மடங்கு பெரிசு, கார், வீடு, இப்போது பயணம் என்று அப்போது நான் நினைத்துக்கொண்டேன்.) போனை வைத்ததும் மாமா மெல்லிய குரலில், "பெரிய மாப்பிள்ளைக்கு அந்தக் குளிர்ல கணக்கு மறந்துபோச்சு போல" என்றார். என் வாழ்க்கையில் நான் அவ்வளவு சந்தோஷப்பட்ட நாள் வேறு இல்லை. கல்யாண நாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

அத்தை மட்டும், "எதுக்கும் கொஞ்சம் புளிச்சோறு கிண்டி வச்சுக்கிறேனே" என்று இழுத்தார். "பதினாறு மணி நேரத்துக்குப் புளிச்சோறா? எண்ணெ வடிஞ்சு பட்டுப்புடவையெல்லாம் கெட்டுரும் அத்தை" என்று தடுத்தவன் நான். எனவே காலைக்கு இட்லி, பகலுக்கும் சாயங்காலத்துக்கும் தயிர்சாதம். அது போக மூடி இறுகிய ஒரு டப்பா தனியாக. அது லூர்துவுக்கு. அம்மா கையால் பிசைந்த தயிர்சாதம் வேண்டும் என்று அந்தப் பெண் போனில் அழுதிருந்தது. அத்தை பாலைக் காய்ச்சி ஆறவைத்து, பதினாறு மணி நேரத்துக்கு என்று கணக்குப் பண்ணி ஒரே ஒரு கரண்டி தயிர் விட்டு, தன் கையாலேயே பிசைந்தார். "நாம போயி எறங்குறப்ப சரியா இருக்கும்" என்றார். நான் தலையை ஆட்டினேன்.

வளைகுடா வரைக்கும் எல்லாம் நன்றாகவே நடந்தது. விமானம் மாறினோம். இதற்கே பகல் ஒரு மணி ஆகிவிட்டதே, இன்னும் டொரண்டோ இருக்கிறதே என்று எனக்கு ஒரு நமைச்சல். நம்ம பூதலூரில் ரயில் நிற்கிற மாதிரி டொரண்டோவில் ஒரு நிமிஷம் நின்றுவிட்டுக் கிளம்பும்போல என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். அத்தை கணக்காகச் சாப்பிட்டார், கணக்காக மாத்திரை போட்டார். சாயங்காலம் தன் பங்கில் கடைசி வாய்த் தயிர்சாதத்தையும் முடித்து, டப்பாவைத் துடைத்து உள்ளே வைத்தார். என் கைக்கடிகாரத்தை நான் மாற்றவில்லை. அது பூதலூர் மணியையே காட்டிக்கொண்டிருந்தது.

எட்டரைக்கு அத்தை கேட்டார்: "மாப்ள, இன்னும் ஒரு மணி நேரந்தான?"

"ஆமா அத்தை."

உடனே எழுந்தார். அந்தத் தீப்பெட்டி அளவுக் கழிவறைக்குள் பட்டுப்புடவையோடு போனார். வெளியே நான்கு பேர் வரிசையில் நின்றார்கள். நான் அவர்களைப் பார்த்துச் சிரித்தேன். அவர்கள் சிரிக்கவில்லை. அரைமணி கழித்து, மடிப்புக் கலையாத அரக்குப் பட்டும், பவுடரும், படியப் படிய வாரிய தலையுமாக வந்து உட்கார்ந்தார். பையை மடியில் வைத்துக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டார். எங்கள் பக்கத்துப் பஸ்ஸில் அடுத்த நிறுத்தத்தில் இறங்குகிறவர்கள் அப்படித்தான் உட்காருவார்கள்.

ஒன்பதரை ஆனது. முன்னால் இருந்த திரையில் எங்கள் விமானம் பொம்மையாக ஊர்ந்துகொண்டிருந்தது. அதைச் சுற்றிலும் நீலம். எந்தப் பக்கம் பார்த்தாலும் நீலம்.

"என்ன மாப்ள, எறக்கலையே?"

"எடம் கெடைக்கலை போல அத்தை. ஒரு வட்டம் போட்டுட்டு எறக்குவான்."

பத்து மணிக்கும் அதையே சொன்னேன். பத்தரைக்கும். அதற்குள் அத்தை திரையைப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டார். கடைசியில் அவர் என்னை விட்டுவிட்டு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பெரியவரிடம் கேட்டார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர், டொரண்டோவில் குடியிருப்பவர். எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டும், இங்கிதம் தெரிந்த மனிதராக இதுவரை வாயைத் திறக்கவில்லை.

"அம்மா, டொரண்டோவுக்கே இன்னும் அஞ்சு மணித்தியாலம் கிடக்கு" என்றார் அவர். "எட்மண்டன் எண்டால், அதுக்கு அங்கால இன்னொரு பிளேன் பிடிக்கவேணும். அதுவும் நாலைஞ்சு மணித்தியாலம் ஓடும்."

அத்தை என் பக்கம் திரும்பினார். மடியில் இருந்த பையை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். நான் பாதுகாப்பு விளக்க அட்டையை எடுத்து, விமானம் கடலில் விழுந்தால் என்ன செய்வது என்று படிக்க ஆரம்பித்தேன். அது ஒன்றும் அவ்வளவு மோசமான முடிவாக அப்போது தோன்றவில்லை.

பசி எடுத்தது. லூர்துவின் டப்பா பைக்குள் நிறையச் சோற்றோடு இருந்தது. அத்தை அதைத் தொடவில்லை. "அது புள்ளைக்கு" என்றார். பணிப்பெண் தள்ளுவண்டியோடு வந்தபோது தண்ணீரும், பெரியவர் வற்புறுத்திக் கொடுத்த ஒரு வாழைப்பழமும் வாங்கிக்கொண்டார். அத்தையோடு சேர்ந்து நானும் தபசு இருப்பதாகப் புறப்படும்போதே பெருமையாகச் சொல்லியிருந்தேன். அத்தை கண்ணை மூடியதும், விமானத்தின் பின்பக்கம் போய்த் திரை மறைவில் நின்றுகொண்டே ஒரு தட்டுக் கோழிச் சோற்றைக் காலி செய்தேன். சத்தமில்லாமல் திரும்பி வந்து உட்கார்ந்தேன்.

"கோழி நல்லா இருந்துச்சா மாப்ள?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டார் அத்தை.

டொரண்டோவில் சுங்கச் சோதனை. பையில் சாப்பாடு இருக்கிறதா என்று அந்த அதிகாரி அம்மாள் கேட்டார். அத்தை லூர்துவின் டப்பாவை எடுத்து மேஜையில் வைத்தார். மூடி கொஞ்சம் உப்பியிருந்தது. அதிகாரி கையுறையோடு அதை நெம்பியதும் டப் என்று ஒரு சத்தம். மூடி மேஜை தாண்டிப் போய் விழுந்தது. பின்னாலேயே அந்த வாசனை வந்தது. அதிகாரி அம்மாள் இரண்டு அடி தள்ளிப்போனார். நான் முன்னால் போய் என் ஆங்கிலத்தில் விளக்கினேன்: "மேடம், திஸ் இஸ் ஒன்லி சிக்ஸ்டீன் அவர்ஸ் ரைஸ்." அவருக்கு அது புரியவில்லை. புரிந்திருந்தாலும் மன்னித்திருக்க மாட்டார். டப்பாவோடு தூக்கிக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

அத்தை அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். ராத்திரி முழுக்கப் பசியோடு காத்துக்கொண்டு வந்த சோறு. எனக்கு அந்த இடத்தில் உண்மையாகவே வெட்கமாக இருந்தது. இந்தக் கதையை நான் எத்தனையோ தடவை சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன், அந்த இடம் வரும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. "அத்தை, லூர்துவுக்கு வீட்டுக்குப் போயி புதுசாப் பிசைஞ்சு..." என்று ஆரம்பித்தேன். "நீங்க இனிமே ஒண்ணும் கணக்குச் சொல்லாதீங்க மாப்ள, அது போதும்" என்றார்.

விமான நிலையத்தில் இலவச வைஃபை இருந்தது. ஊருக்குக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டு என்ன சொல்வது? எட்மண்டன் போய்ச் சேர்ந்த பிறகு ஒரேயடியாகப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். அந்த ஒரு சோம்பலுக்கு நான் கொடுத்த விலையைப் பின்னால் சொல்கிறேன்.

எட்மண்டனில் இறங்கி வெளியே வந்தோம். சுவரில் பெரிய கடிகாரம். புதன்கிழமை, இரவு ஒன்பதரை. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. டிக்கெட்டில் போட்ட அதே நாள், அதே மணி. ஒரு நிமிஷம் பிசகில்லை.

"அத்தை, அங்க பாருங்க. சொன்ன நேரத்துக்கு வந்துட்டோம்" என்றேன். என்னால் அடக்க முடியவில்லை.

அத்தை கடிகாரத்தைப் பார்த்தார். கசங்கிப்போன பட்டுப்புடவையைப் பார்த்தார். "அது செவுத்துல தொங்குற மணி மாப்ள. என் வயித்துக்கு மணி நாளைக்கிக் காலையில பத்து" என்றார்.

வெளியே அருள் இரண்டு தடித்த கோட்டுகளோடு நின்றிருந்தார். முப்பது மணி நேரம் என்று சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நானும் நாலு வார்த்தை பேசியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். காருக்குள் உட்கார்ந்ததும் ஒரு ஹாட்பேக்கை எடுத்து அத்தை கையில் கொடுத்தார். ஆவி பறக்கிற ரசம் சாதம். "புதுப் பாத்திரம் வாங்கித்தான் அத்தை வடிச்சேன். கறி படாதது" என்றார். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "பெரிய மாப்பிள்ளை பெரிய மாப்பிள்ளைதான்" என்றார். அதைச் சொல்வதற்கு என்னை வேறு எங்காவது இறக்கிவிட்டிருக்கலாம். பின் சீட்டில் எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இனி ஊரில் நடந்ததைக் கேளுங்கள். எல்லாம் ஸ்டெல்லா போனில் சொன்னது. சொல்லும்போது அவள் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தது கனடா வரைக்கும் கேட்டது.

என் கணக்குப்படி எங்கள் ஊர் மணி ஒன்பதரைக்குப் போன் வர வேண்டும். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். போன் வரவில்லை. என் போனோ அணைந்து கிடக்கிறது. கனடாவுக்குப் பேசலாம் என்றால், வயிற்றுப் பிள்ளைக்காரி பயந்துவிடுவாள் என்று அதுவும் வேண்டாம் என்றுவிட்டார். மன்னார்குடியிலிருந்து ஸ்டெல்லா கூப்பிட்டு, "அப்பா, முப்பது மணி நேரம்னு அத்தான் அன்னிக்கே சொன்னாருல்ல" என்றிருக்கிறாள். மாமா கோபப்பட்டிருக்கிறார். "கட்டுன புருஷன் சொன்னத நீயே நம்பலன்னா அப்புறம் ஊரு எப்படிம்மா நம்பும்? சின்ன மாப்பிள்ளை கணக்குப் போட்டா சரியா இருக்கும்." நான்கு வருஷமாக நான் ஏங்கிக் கிடந்த வார்த்தை அது. அதைச் சொல்ல அந்த மனிதர் அந்த நாளைத்தான் தேர்ந்தெடுத்தார்.

காலை ஆறு மணிப் பூசைக்குப் போய்ப் பங்குச்சாமியிடம் சொல்லியிருக்கிறார். பிரசங்கம் முடிந்ததும் பங்குச்சாமி மைக்கில், "நம் பங்கைச் சேர்ந்த ஜெபமாலை அம்மாளும் அவருடைய மருமகனும் சென்ற விமானத்தைக் குறித்து இதுவரை தகவல் இல்லை. அது பத்திரமாகக் கிடைக்க முழங்கால்படியிட்டு மன்றாடுவோம்" என்றிருக்கிறார். கோயிலே முழங்காலில் நின்றிருக்கிறது. பத்து மணிக்கு நான் போன் செய்தபோது வீட்டில் முப்பது பேர் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். "மாமா, வந்து சேந்துட்டோம்" என்றேன். மாமா அழுதார். எனக்கும் அழுகை வந்தது, வேறு காரணத்துக்காக.

இதோடு விட்டதா? லூர்துவுக்கு ஆண் பிள்ளை பிறந்து, ஒரு மாதம் கழித்து நான் மட்டும் ஊர் திரும்பினேன். திருச்சி விமான நிலையத்தில் மாமா ஒரு வேனோடு நின்றிருந்தார். வேன் பூதலூர்ப் பக்கம் திரும்பவில்லை. நேராகக் கிழக்கே, நாகப்பட்டினம் ரோட்டில் ஓடியது.

"எங்க மாமா போறோம்?"

"வேளாங்கண்ணிக்கு. அன்னிக்கு மாதாவுக்கு நேந்துக்கிட்டேன் மாப்ள. பிளேன் கெடச்சா சின்ன மாப்பிள்ளைக்கு மொட்ட போடுறேன்னு."

"பிளேன் காணாமப் போகவே இல்லயே மாமா."

"அது மாதாவுக்குத் தெரியும். எனக்குத் தெரியாதுல்ல?"

"சரி, நேந்துக்கிட்டது நீங்க. நீங்கதான போட்டுக்கணும்?"

மாமா தன் தலையை ஒரு தடவை தடவிக் காட்டினார். "எங்கிட்ட என்னா மாப்ள இருக்கு குடுக்குறதுக்கு?"

மொட்டைத் தலையோடு உரக்கடையில் உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்கள் எல்லாம், யார் தவறிப்போனார்கள் என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் வட துருவத்திலிருந்து ஆரம்பித்து விளக்க வேண்டியிருந்தது.

ஆறு வருஷமாகிறது. எங்கள் இரண்டு வீட்டிலும் இப்போது இரண்டு வகை மணி புழக்கத்தில் இருக்கிறது. ஒன்று சாதாரண மணி. இன்னொன்று மாப்பிள்ளை மணி. ஒரு மாப்பிள்ளை மணி என்பது சாதாரண மணியில் ஏறக்குறைய இரண்டு. கரண்ட் எப்போது வரும், கொத்தனார் எப்போது வருவார், முறைத் தண்ணீர் வாய்க்காலுக்கு எப்போது வரும் என்று யார் கேட்டாலும் இதில்தான் பதில். கனடாவில் இருக்கிற லூர்துவின் மகன்கூட வீடியோவில் என் முகத்தைக் கண்டதும் முதலில் கேட்பது, "சித்தப்பா, மணி என்ன?" என்றுதான். சொல்லிக் கொடுத்தது அவன் அப்பனா பாட்டியா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. தெரிந்தால் விட மாட்டேன்.

போன வருஷம் ஸ்டெல்லாவுக்குத் தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் பிரசவம். வலி கண்டு உள்ளே அழைத்துப் போனார்கள். நானும் மாமாவும் அத்தையும் வெளியே நின்றோம். எனக்குக் கை காலெல்லாம் நடுங்கிக்கொண்டிருந்தது. நர்ஸம்மா வெளியே வந்து, "பயப்படாதீங்க, ரெண்டு மணி நேரத்துல ஆயிரும்" என்றார்.

அத்தை அவர் கையைப் பிடித்து நிறுத்தி, ரொம்ப அக்கறையாகக் கேட்டார்: "எந்த ரெண்டு மணி நேரம்மா? சாதா மணியா, எங்க மாப்பிள்ளை மணியா?"

மாமா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் மட்டும் குலுங்கியது. இந்த நேரத்திலுமா என்று எனக்கு வந்த கோபத்தில் நடுக்கம்கூட நின்றுவிட்டது. ஆனால் பிள்ளை இரண்டு மணி நேரத்தில் பிறக்கவில்லை. நாலு மணி நேரமும் தாண்டியது. கடைசியில் வெள்ளைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். பெண் பிள்ளை. அத்தை கையில் வாங்கி, முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்து, கண்ணை ஒரு தடவை துடைத்துக்கொண்டு சொன்னார்:

"அப்பனுக்குத் தப்பாம பொறந்திருக்கு மாப்ள. சொன்ன நேரத்துக்கு வரல."